சிவப்பு விரிப்பு வாங்கப் போகிறீர்களா?

கூடத்துக்குச் சிவப்பு விரிப்பு வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் சோபாவின் நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்கள். நீங்கள் முதலில் தரையைப் பாருங்கள். விரிப்பு கிடக்கப்போவது அதன்மேல்தானே! பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரையில் முழுச் சிவப்பு விரிப்பைப் போட்டால், போட்டதே தெரியாது. அங்கே கறுப்போ பச்சையோ பட்டையாக ஓடும் சிவப்புதான் எடுபடும். வெள்ளை டைல்ஸ் தரைக்கு நேர்மாறான சங்கடம்: பளிச்சென்ற சிவப்பு கண்ணைக் குத்தும். அரக்குச் சிவப்போ செங்கல் நிறமோ அங்கே பாந்தமாக இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். கடையின் மஞ்சள் விளக்கில் சிவப்பு தகதகக்கும். வீட்டு வெள்ளை டியூப்லைட்டில் அதுவே சோர்ந்துபோகும். விரிப்பை வாசல் வரை கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நம் ஊர் வெக்கைக்கும் புழுதிக்கும் அடர்ந்த கம்பளி விரிப்பு தோதுப்படாது என்பது என் கட்சி. தூசி உள்ளே இறங்கினால் எளிதில் வெளியே வராது. எனக்குப் பிடித்தது பவானி ஜமக்காளம். ஈரோடு மாவட்டத்தில், பவானியாறு காவிரியோடு கலக்கும் ஊரில் நெய்வது. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. முரட்டுப் பருத்தி நூல். சிவப்பு, பச்சை, நீலம் என்று அகலப் பட்டைகள். கல்யாண வீட்டில் விரித்துப் பழகியதாலோ என்னவோ, கூடத்துக்கு அது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். வெள்ளைச் சுவர், மர நாற்காலி, நடுவில் சிவப்புப் பட்டை ஜமக்காளம் — வேறு அலங்காரமே வேண்டாம். உதறலாம், துவைக்கலாம், புரட்டியும் போடலாம். ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படியும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விலைபோகிறது. எனவே கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. சோபாவின் முன்கால்களாவது விரிப்பின்மேல் நிற்க வேண்டும். வழவழப்பான டைல்ஸ் என்றால் அடியில் வழுக்காத ரப்பர் வலை அவசியம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம்.

பணம் கொடுக்கும் முன், வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, விரிப்பின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு இறங்கினால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.