முதலில் கதவைப் பாருங்கள்



வீவக மூவறை வீட்டின் சின்னக் குளியலறையைப் புதுப்பிக்க வேண்டும் என்றதும் நாம் எங்கே ஓடுகிறோம்? டைல்ஸ் கடைக்கு! நானும் அப்படித்தான் ஓடினேன்.

அந்த வாரமே அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எங்கள் கதவு உட்புறம் திறப்பது. அவர் அதன்மேலேயே சாய்ந்து கிடந்ததால் வெளியிலிருந்து தள்ள முடியவில்லை. அவரே மெல்ல நகர்ந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. பெரிய காயமில்லை. ஆனால், என் திட்டம் தலைகீழானது.

முதலில் கதவு. பக்கவாட்டில் நகரும் கதவு போட்டால் உள்ளே இடமும் மிஞ்சும். ஆபத்து நேரத்தில் வழியும் கிடைக்கும். அடுத்து, குளிக்கும் பகுதியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்தால் மற்ற இடம் ஈரமாகாது. மூன்றாவது, கைப்பிடிகள். 65 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் வீட்டில் இருந்தால், 2012ல் தொடங்கிய ‘ஈஸ்’ திட்டத்தில் கைப்பிடிக்கும் வழுக்காத் தரைக்கும் 95 விழுக்காடு வரை மானியம் உண்டு.

புதிய வீடா? கட்டி முடித்த 3 ஆண்டுகளுக்குள் குளியலறை ஓடுகளை உடைக்க அனுமதியில்லை. அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டால் கீழ்வீட்டில் ஒழுகும்.

டைல்ஸ் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இன்றே உங்கள் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள்.