மங்கிய ஒளியைச் சேமிப்போர்



நம் கண் ஓர் ஊதாரி. தன்னிடம் வந்து சேரும் ஒளியை அது சேமித்து வைப்பதில்லை. வந்த கணத்திலேயே மூளைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த கணத்துக்கு வெறுங்கையோடு நிற்கும். ஆகையால், மங்கிய ஒரு பொருளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலென்ன, ஒரு சாமம் உற்றுப் பார்த்தாலென்ன, ஏறக்குறைய ஒரே காட்சிதான் கிடைக்கும். இருட்டுக்குப் பழகியபின் கண்மணி சற்று விரியும். அதற்கப்பால் எத்துணை நேரம் பார்த்தாலும் பயன் மிகுவதில்லை.

பனையிலே கட்டிய முட்டியோ அவ்வாறன்று. பாளையிலிருந்து வடிவது ஒரு துளிதான். ஆயினும் இரவெல்லாம் துளி துளியாகச் சேர்ந்து, விடியும்போது முட்டி நிறைந்திருக்கும். வானத்துப் பொருள்களைப் புகைப்படம் பிடிப்போர் செய்வது இதுவே. கமராவின் தட்டு ஒளிக்குக் கட்டிய முட்டி. கண்ணுக்கு ஒருபோதும் தோன்றாத விண்மீன் மண்டலங்களை, துளி துளியாக ஒளி சேர்த்து, மணித்தியாலக்கணக்கில் காத்திருந்து, அது வெளிப்படுத்தும். இந்தக் காத்திருப்பைச் சம்பளமில்லாமல், பட்டம் பதவி எதுவுமில்லாமல் ஏற்றுக்கொண்ட சிலரைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். நான் கலைப்பட்டதாரி, கணிதமும் பௌதிகமும் என் துறையல்ல. ஆயினும் இவர்களுடைய கதை கணிதத்தைக் காட்டிலும் மனிதரைப் பற்றியதாகலின் துணிந்தேன்.

முதலில் அந்திரொமீடா மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். நமது பால்வீதியைப் போன்ற பெரிய மண்டலங்களுள் நமக்கு மிக அண்மையிலுள்ளது அது. அண்மை என்று சொல்லும்போதும், அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் செல்கின்றன. பாரசீக அறிஞர் அல்-சூபி, பத்தாம் நூற்றாண்டிலேயே அதனை ஒரு சிறு முகிலாகக் குறித்து வைத்தார். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு இன்றும் அப்படித்தான் தெரிகின்றது: விரலால் துடைத்துவிடலாம் போன்ற ஒரு சிறு வெண்மை. உண்மையில் அது வானத்தில் அடைத்துக் கிடக்கும் நீளம், முழுமதி ஆறினை வரிசையாக வைத்தாற் போன்றது. நாம் காண்பது அதன் நடுப்பகுதியை மட்டுமே. எஞ்சிய பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாத மங்கலிலே கிடக்கின்றது.

அந்த எஞ்சிய பகுதியின் உருவத்தை உலகுக்கு முதன்முதல் தெளிவாகக் காட்டியவர் வானியல் பேராசிரியர் ஒருவரல்லர்; கட்டட ஒப்பந்தகாரர். ஐசக் ரொபேட்ஸ் என்பது அவர் பெயர். 1829ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்து, லிவர்ப்பூல் நகரிலே கட்டட வேலை பயின்று, சொந்தத் தொழில் நடத்திப் பொருளீட்டியவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே வானத்துப் புகைப்படத்தில் அவர் முழுமூச்சாக இறங்கினார். டப்ளின் நகரத்துக் கிரப் என்பாரிடம் 20 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைகாட்டி ஒன்றைச் செய்வித்து, லிவர்ப்பூலுக்கு அருகே மாகல் என்னும் ஊரில் தம் வீட்டில் நிறுவிக்கொண்டார். வானியலுக்கு அவ்வூர் வாய்த்த இடமென்று யாரும் சொல்லார். முகிலும் ஈரமும் நிறைந்த பகுதி அது.

1888ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 29ஆம் நாளிரவு அவர் அந்திரொமீடாவை நோக்கித் தொலைகாட்டியைத் திருப்பி, தட்டை 4 மணித்தியாலம் திறந்து வைத்தார். நேயர்கள் இந்த நான்கு மணித்தியாலத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூமி சுழல்வதனால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கின்றது. தொலைகாட்டி அந்நகர்வைப் பின்தொடராவிட்டால் விண்மீன்கள் புள்ளிகளாக அமையாமல் கோடுகளாக இழுபட்டுவிடும். அதற்கென மணிக்கூட்டுப் பொறி உண்டு. ஆயினும் அக்காலத்துப் பொறிகளை முற்றாக நம்பியிருக்க இயலாது. வழிகாட்டியாகக் கொண்ட ஒரு விண்மீன் தன் இடத்தை விட்டு அசைகின்றதா என ஒருவர் கண்கொட்டாது கவனித்து, அசையுந்தோறும் திருத்திக்கொண்டேயிருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் மார்கழிக் குளிரில் நான்கு மணித்தியாலம் இதனைச் செய்து முடித்த பின்பும், தட்டை மருந்து நீரிலே கழுவி எடுக்கும்வரை என்ன கிடைத்தது என்பது தெரியாது.

கிடைத்தது பெரிது. அதுவரை நீள்வட்ட மூட்டமாகவும், இரண்டொரு கரிய கீற்றுகள் உடையதாகவும் வரையப்பட்ட அந்திரொமீடா, நடுவிலே ஒளிக்கருவும் அதனைச் சூழ்ந்து வளைந்து சுற்றும் ஒளிப்பட்டைகளும் கொண்டு தட்டிலே கிடந்தது. பெரிய தொலைகாட்டிகளில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு அகப்படாத அமைப்பு அது.

அப்படத்தைக் கொண்டு ரொபேட்ஸ் என்ன முடிவுக்கு வந்தார் என்பது எனக்கு மிகவும் சுவையான பகுதி. புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் ஒரு ஞாயிற்றுக் குடும்பத்தைத் தாம் கண்டதாக அவர் கருதினார். வாயு சுழன்று திரண்டு நடுவே ஞாயிறும் சுற்றிலும் கோள்களும் ஆகின்றன என்ற கொள்கைக்கு இதோ சான்று என்று அக்காலத்தவர் பலரும் மகிழ்ந்தனர். அஃது அவ்வாறன்று எனத் தெரிய 35 ஆண்டுகள் சென்றன. 1923ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், அமெரிக்காவின் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைகாட்டியால் எட்வின் ஹபிள் எடுத்த தட்டொன்றில், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்று அந்திரொமீடாவுக்குள் அகப்பட்டது. அதனைக் கொண்டு தூரத்தைக் கணித்தபோது, அது நமது பால்வீதிக்கு வெகு அப்பால் இருக்கும் தனியொரு மண்டலம் என்பது புலனாயிற்று. ரொபேட்ஸ் 1904ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவருடைய விளக்கம் போயிற்று. ஆனால் அவருடைய படம் போகவில்லை. அதிலுள்ள ஒரு கீற்றைக்கூட எவரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

புகைப்படத் தட்டுக்கும் அதன்பின் வந்த படச்சுருளுக்கும் ஒரு குறைபாடு இருந்தது. மிக மங்கிய ஒளியில் நேரஞ் செல்லச் செல்ல அவை சோர்ந்துபோகும். முதல் மணித்தியாலத்தில் சேர்த்த அளவை நான்காம் மணித்தியாலத்தில் சேர்க்கமாட்டா. 1970களிலும் 1980களிலும் ஆர்வலர்கள் படச்சுருளை ஐதரசன் கலந்த வாயுவிலே வைத்துப் பதப்படுத்தியும், கமராவைக் கடுங்குளிரூட்டியும் அச்சோர்வைப் போக்க முயன்றார்கள். அதன்பின் வந்தது மின்னணுத் தகடு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், சிமித் என்னும் இருவர் அதற்கு அடிப்படையான கருத்தை அமைத்தனர். 2009இல் நோபல் பரிசும் பெற்றனர். படச்சுருள் தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே பதிவு செய்யும். புதிய தகடோ பாதிக்கு மேற்பட்டதைப் பிடித்துக்கொள்ளும், சோர்வதுமில்லை. இதனால் ரொபேட்சின் 20 அங்குல ஆடி கண்டவற்றைவிட மங்கலானவற்றை, இன்று நான்கு அங்குல வில்லை கொண்ட ஒருவர் வீட்டு முற்றத்திலிருந்து காணமுடிகின்றது.

ஆனால், காத்திருப்புக் குறைந்ததென்று நினைத்துவிட வேண்டா. இன்றைய ஆர்வலர் ஒரே படத்தை நான்கு மணித்தியாலம் எடுப்பதில்லை. சில நிமிடங்கள் கொண்ட நூற்றுக்கணக்கான படங்களைப் பல இரவுகளில் எடுத்து, கணினியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றார். அடுக்க அடுக்க ஒளி கூடும். இரைச்சல் போன்ற புள்ளிக் குழப்பமும் கூடும். ஆயினும் ஒளி கூடுமளவுக்கு அது விரைந்து கூடுவதில்லை. நான்கு மடங்கு நேரம் செலவிட்டால் இரு மடங்கு தெளிவு கிடைக்கும். கணக்கு அவ்வளவு கறாரானது.

இன்னொரு செய்தியைச் சொன்னால் சிரிப்பீர்கள். இவர்கள் கமராவின் மூடியை இறுக மூடிக்கொண்டு இருட்டையும் படம் பிடிக்கின்றார்கள். பின்னர் எங்கும் ஒரே சீரான வெறும் வெளிச்சத்தையும் படம் பிடிக்கின்றார்கள். ஒன்றுமே இல்லாதவற்றைப் பிடித்த இப்படங்கள் எதற்கு? முன்னதிலே தெரிவது கருவியின் சொந்தக் குழப்பம். பின்னதிலே தெரிவது வில்லையின் நிழலும் தூசியும். அவற்றை நீக்கிய பின் எஞ்சுவதே வானத்துக்கு உரியது. தன் கருவியின் குறையைத் தானே அளந்து கழித்துக்கொள்ளும் இந்த ஒழுக்கம், அறிக்கை எழுதும் ஏனைய துறையினர்க்கும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அந்திரொமீடாவுக்கு மீளுவோம். ரொபேட்சுக்குப் பின் உலகிலே மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட மண்டலம் அதுவாகத்தான் இருக்கும். அங்கே இனிப் புதிதாகக் காண என்ன இருக்கின்றது என்று எவரும் கேட்கலாம். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் நவெம்பர் வரை, யான் சென்ரி என்னும் பிரெஞ்சுக்காரர் 106 மில்லிமீற்றர் வில்லையுடைய சிறு தொலைகாட்டியால் அதனை நூறு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நேரம் படம் பிடித்தார். ஒட்சிசன் வாயு வெளிவிடும் நீலப்பச்சை ஒளியை மட்டும் செல்லவிடும் வடிகண்ணாடி ஒன்றையும் பயன்படுத்தினார். பிரான்சைச் சேர்ந்த சேவியர் ஸ்ரொற்னர், ஜேர்மனியைச் சேர்ந்த மார்செல் டிரெக்ஸ்லர் ஆகிய வேறிரு ஆர்வலர்களும் அவரோடு கூடியிருந்தனர். படங்களை அடுக்கியபோது, மண்டலத்துக்குத் தென்கிழக்கே நீலநிறமான வில் ஒன்று தோன்றிற்று. முழுமதி மூன்றினை வரிசையாக வைத்தாற் போன்ற நீளம்! நூறாண்டுக்கு மேலாக உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவருக்கும் அகப்படாமற் கிடந்த ஒன்று.

கருவியின் கோளாறோ, கணினியின் கைவரிசையோ என்ற ஐயம் எழுவது இயல்பு. வேறு கருவிகளால் எடுத்த படங்களிலும் அவ்வில் தெரிந்த பின்னரே, வானியலறிஞர்களோடு சேர்ந்து 2023ஆம் ஆண்டு சனவரியில் செய்தியை வெளியிட்டனர். அதே ஆண்டில் அப்படம் கிறீனிச் வானாய்வகத்தின் வானியல் புகைப்படப் போட்டியிலும் முதற்பரிசு பெற்றது.

பெரிய தொலைகாட்டிகள் இதனை எவ்வாறு தவறவிட்டன? விடை எளிது. அவை வானத்தின் ஒரு சிறு துண்டை மிக நுணுக்கமாகப் பார்ப்பதற்கென அமைந்தவை. மேலும், அவற்றின் ஓரிரவுக்காக அறிஞர் பலர் விண்ணப்பித்துக் காத்து நிற்கின்றனர். நன்கு அறிந்த ஒரு மண்டலத்தின் ஓரத்தை நூறு மணித்தியாலம் பார்க்க அனுமதி தாருங்கள் என்று கேட்டால், எந்தக் குழு கொடுக்கும்? முற்றத்தில் நிற்பவருக்கோ அனுமதி வேண்டியதில்லை.

அந்த வில் எது என்ற வினா இன்னொரு கதை. அது அந்திரொமீடாவைச் சார்ந்ததாக இருக்கலாம் என்றொரு கருத்து முதலிற் சொல்லப்பட்டது. பின்னர் நிறமாலை கொண்டு அதன் வேகத்தை அளந்தவர்கள், நமது பால்வீதிக்குள்ளேயே நமக்கும் அந்திரொமீடாவுக்கும் இடையில் மிதக்கும் வாயு அது என்றனர். ரொபேட்ஸ் அருகிலுள்ளதென்று எண்ணியது வெகு தொலைவிற் போயிற்று; இவர்கள் தொலைவிலுள்ளதென்று எண்ணியது அருகில் வந்திருக்கின்றது. படங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

இவை தனித்த நிகழ்ச்சிகளல்ல. இத்தாலியரான யூசெப்பே டொனற்றியெல்லோ, ஐந்து அங்குல வில்லையால் தாம் எடுத்து வைத்திருந்த பழைய படங்களை 2016ஆம் ஆண்டு மீண்டும் துருவிப் பார்த்தபோது, ஒரு மங்கிய கறை கண்ணிற் பட்டது. பெரிய தொலைகாட்டிகளால் சோதித்ததில், ஏறத்தாழ ஒரு கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள குறுமண்டலம் என்று உறுதியாகி, அது அவர் பெயரையே பெற்றது. அதே 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், ஆர்ஜென்ரீனாவின் றொசாரியோ நகரில் பூட்டுத் திருத்தும் தொழிலாளரான விக்ரர் புசோ, புதிய கமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். எட்டுக் கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு மண்டலத்தில் விண்மீன் ஒன்று வெடித்துக் கிளம்பும் முதற்கணங்கள் அவர் படங்களில் வரிசையாகப் பதிந்திருந்தன. வானியலறிஞர் பல்லாண்டாகத் தேடிய காட்சி அது.

இத்தகையோரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். நேசிப்பவன் என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். நாமோ கத்துக்குட்டி என்று மொழிபெயர்த்து அவமதித்துவிட்டோம். நமது தீவுக்கும் இவ்வரிசையில் இடமுண்டு. கொழும்பிலே 1867இல் பிறந்து, படையில் பொறியியல் அதிகாரியாயிருந்து, 1908இல் காலமான பேர்சி மோல்ஸ்வேத், திருக்கோணமலையில் பன்னிரண்டரை அங்குலத் தொலைகாட்டியோடு வியாழனை இரவிரவாக ஆராய்ந்தவர். அவர் கருவிகள் கண்ணும் பென்சிலும்; மங்கிய மண்டலங்களை அவர் நாடவில்லை. எனினும், செவ்வாயிலுள்ள ஒரு பெருங்குழிக்கு இன்று அவர் பெயர் வழங்குகின்றது.

நமக்கு இப்பொழுது அருகிவருவது தொலைகாட்டியைவிட இருட்டே. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். துன்பமான நாள்கள், அவை மீள வேண்டுமென்று எவரும் கேளார். ஆனால் அவ்விரவுகளில் வீட்டு முற்றத்துக்கு வந்த பிள்ளைகள், நகரத்து வானில் அதுவரை காணாத அளவு மீன்களைக் கண்டார்கள். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. விளக்கின் முகத்தை நிலத்துக்குத் திருப்பி மேற்பக்கம் மறைத்தாற் போதும். தெருவுக்கும் வெளிச்சம் கூடும், வானத்துக்கும் இருட்டு மிஞ்சும்.

தொடங்க விரும்பும் இளைஞர்க்கு ஒரு வழி சொல்கின்றேன். தை பிறந்து, மாரி மழை ஓய்ந்து வானம் துலங்கும்போது, நிலவில்லாத நாளொன்றில் இரவு ஏழு மணிக்கு மேற்குத் திசையை நோக்குங்கள். பூரட்டாதியின் இரண்டு மீன்களும் உத்தரட்டாதியின் இரண்டு மீன்களும் பெரிய சதுரமாக நிற்கும். அதன் மேல் வலப்பக்க மூலையிலிருந்து, மேலும் வலப்பக்கமாக ஏறிச் செல்லும் ஒளிமிக்க மீனைப் பிடித்து, அங்கிருந்து வலப்புறம் திரும்பி இரு சிறு மீன்களைக் கடந்தால், அந்திரொமீடா. முக்காலியில் நிறுத்திய சாதாரணக் கமராவும் 50 மில்லிமீற்றர் வில்லையும் போதும். தொடுப்பு நேரம் 6 விநாடி. அதற்கு மேல் மீன்கள் இழுபடும். இருநூறு படம் எடுங்கள். இடையிடையே மண்டலம் சட்டத்தை விட்டு நகராதபடி கமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள். முடிவில் மூடியைப் போட்டு இருட்டையும் இருபது படம் எடுங்கள். அடுக்கும் கணினிச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தனிப்படம் ஒன்றில் பஞ்சுத் துணுக்குப் போலத் தெரிந்தது, இருநூறும் சேர்ந்தபின் இரு பக்கமும் நீண்டு சாய்ந்து கிடக்கும்.