நாவல் மரமும் நம் இரத்தக் குழாயும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உங்க துறையைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். என் துறை பைப்லைன் பராமரிப்பு. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அதைப் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே குழாயைப் பற்றித்தான் பேசப் போகிறேன், ஆனால் இரும்புக் குழாயைப் பற்றி அல்ல. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஓடுகிற இரத்தக் குழாயைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. அடிபட்டுப் படித்தவன், அவ்வளவுதான்.

காலையில் வந்ததும் நேராக ஹாஸ்டலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த நாவல் மரம் இன்னும் நிற்கிறது! எங்கள் காலத்தில் பழம் உதிரும் பருவத்தில் லேபுக்கு யார் மட்டம் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க விசாரணையே வேண்டாம். "நாக்கை நீட்டுடா" என்பார் எங்கள் பேராசிரியர். ஊதா நிறத்தில் இருந்தால் ஆள் மாட்டினான். (அவர் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.)

அந்த ஊதாதான் இன்றைய கதாநாயகன். பெயர் ஆந்தோசயனின். 1835ல் ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குவார்ட் என்பவர் பூ, நீலம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். இந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திச் சாற்றை வைத்து இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். நாவல் கறை பட்ட சட்டைக்குச் சோப்புப் போட்டதும் கறை இன்னும் நீலமாகி அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களும் இங்கே இருப்பார்கள். மேல்நாட்டுக்காரர்கள் கொண்டாடும் புளூபெர்ரியில் இருப்பதும் இதே குடும்பத்துச் சாயம்தான். கடையில் விற்கும் பெரிய புளூபெர்ரியை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறித்தான் இருக்கும், நிறம் முழுக்கத் தோலில். அதனால் பழம் சிறிதானால், எடைக்குத் தோல் அதிகம், சாயமும் அதிகம். பரப்பளவு, கன அளவு விகிதம் என்று நாம் படித்த அதே கணக்கு.

சரி, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கு 34 வயதில் கம்பெனி வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நடந்தது. பிரஷர் 150/100. எந்த அறிகுறியும் இல்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. மிஷின் தப்பு என்று சொல்லி இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். மறுபடியும் அதே. என் அப்பாவுக்கு 52 வயதில் பக்கவாதம் வந்தது. அவருக்கும் அதுவரை எந்த அறிகுறியும் இருந்ததில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு பொறியாளனாக யோசித்தேன். பிரஷர் ஏன் ஏறுகிறது? ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் பாய்சே விதி படித்தோம், நினைவிருக்கிறதா? குழாய் வழியே ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. நாம் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் போட்ட கணக்கை, அந்தப் பாய்சே இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் ஆராய்ந்தார். அவர் ஒரு மருத்துவர்! ஆரம் 10 விழுக்காடு விரிந்தால் ஓட்டம் 46 விழுக்காடு கூடும். 10 விழுக்காடு சுருங்கினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடுவதில்லை, நாடியும் துடிக்கிறது, ஆகவே இது தோராயக் கணக்குதான். ஆனாலும் விஷயம் புரியும். குழாய் கொஞ்சம் இறுகினாலே இதயத்துக்குச் சுமை.

இரும்புக் குழாய்க்கும் இரத்தக் குழாய்க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் பைப் ஆறு அங்குலம் என்றால் ஆயுசுக்கும் ஆறு அங்குலம். இரத்தக் குழாய் தன் விட்டத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பது ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது.

நியூயார்க் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அசிடைல்கோலின் என்ற மருந்தை விட்டால் உயிருள்ள உடம்பில் குழாய் விரியும். அவருடைய துண்டுகளிலோ சுருங்கியது. 1978ல் தற்செயலாக ஒரு சோதனையில் துண்டு விரிந்தது. ஏன் என்று தோண்டினார். துண்டை வெட்டி எடுக்கும்போது அதன் உட்புறம் உராய்ந்து, ஒரே ஒரு செல் தடிமன் உள்ள மெல்லிய உட்படலம் இத்தனை வருடமும் அழிந்துபோயிருந்தது. படலம் இருந்தால் விரியும், இல்லாவிட்டால் சுருங்கும். பிறகு படலம் உள்ள துண்டை, படலம் இல்லாத துண்டோடு சாண்ட்விச் மாதிரி ஒட்டிவைத்தார். படலம் இல்லாததும் விரிந்தது! அதாவது படலத்திலிருந்து ஏதோ ஒரு தூது போகிறது. 1980ல் இதை வெளியிட்டபோது அவருக்கு 64 வயது. ரிட்டயர் ஆகிற வயதில் தன் பழைய சோதனையின் குறையைத் தானே கண்டுபிடித்த மனிதர் அவர். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தூது என்ன என்று தேடியபோது கிடைத்தது நைட்ரிக் ஆக்ஸைடு. இங்கே இருக்கும் பாய்லர் ஆட்கள் துள்ளிக் குதிக்கலாம். புகைபோக்கியில் நாம் அளந்து அளந்து குறைக்கப் பாடுபடும் அதே வாயு! சில நொடிகள்தான் அதன் ஆயுள். அதற்குள் உட்படலத்திலிருந்து பக்கத்துத் தசைக்குப் போய், "கொஞ்சம் தளர்ந்துக்கோ" என்று சொல்லிவிடுகிறது. தசை செல்லுக்குள் கால்சியம் குறைகிறது, தசை நெகிழ்கிறது, குழாய் விரிகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1998ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டைனமைட் செய்த ஆல்பிரட் நோபலுக்கே நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின்தான் மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த மருந்து வேலை செய்வதும் இதே நைட்ரிக் ஆக்ஸைடால்தான்.

இப்போது ஊதாவுக்கு வருவோம். இந்தத் தூதனுக்கு ஒரு எதிரி உண்டு. சூப்பர் ஆக்ஸைடு. உடம்பில் சில நொதிகள் இதை உற்பத்தி செய்கின்றன. புகைப்பது, சர்க்கரை நோய், வயது எல்லாம் அதைக் கூட்டும். அது வழியிலேயே நைட்ரிக் ஆக்ஸைடைப் பிடித்து வேறொன்றாக்கிவிடும். தூது போய்ச் சேராது, தசை இறுகியே இருக்கும்.

புளூபெர்ரி சாப்பிட்டால் இந்த இடத்தில்தான் மாற்றம் தெரிகிறது. 2013ல் வெளியான ஆய்வில் 21 ஆரோக்கியமான ஆண்களுக்குப் புளூபெர்ரி பானம் கொடுத்து அளந்தார்கள். அளக்கும் முறையும் நமக்குப் பிடித்தமாதிரி இருக்கிறது. பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி ஐந்து நிமிடம் ஓட்டத்தை நிறுத்தி, பிறகு திறந்துவிட்டு, கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் குழாய்க்கு ஃப்ளோ டெஸ்ட்! சாப்பிட்ட ஒன்று, இரண்டு மணி நேரத்தில் விரிவு கூடியது. மறுபடி ஆறாவது மணி நேரத்திலும் கூடியது. அதே நேரத்தில் இரத்த வெள்ளையணுக்களில் சூப்பர் ஆக்ஸைடு செய்யும் நொதியின் வேகம் குறைந்திருந்தது.

இரண்டு முறை ஏன்? ஊதாச் சாயம் அப்படியே இரத்தத்தில் போய்ச் சேருவதில்லை. பெரும்பகுதி குடலில் உள்ள கிருமிகளால் உடைபடுகிறது. வானிலிக் அமிலம், ஹிப்யூரிக் அமிலம் போன்ற சின்னச் சின்னத் துண்டுகளாக மாறி, சில சீக்கிரமாகவும் சில தாமதமாகவும் இரத்தத்தில் ஏறுகின்றன. விரிவும் அந்த ஏற்றத்தை ஒட்டியே வந்தது. நாக்கில் தெரிகிற நிறம் குழாயில் போய் ஒட்டுவதில்லை. அதன் உடைந்த துண்டுகள் போய் வேலை செய்கின்றன.

இதெல்லாம் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெர்ரி காப்ஸ்யூல் ஆறு டப்பா வாங்கினேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. "இயற்கை இருக்கும்போது ரசாயனம் எதற்கு?" என்று ஆபீசில் நாலு பேருக்கு உபதேசம் வேறு. ஏழாவது வாரம், ஆலை ஷட்டவுன் சமயம், நைட் ஷிஃப்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முதலுதவி அறையில் பார்த்தார்கள். 178/112.

மறுநாள் டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தம்பி, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பைப்லைன் மெயின்டனன்ஸ், டாக்டர்."

"லைன்ல பிரஷர் லிமிட்டைத் தாண்டினா என்ன பண்ணுவீங்க? வால்வைத் திறப்பீங்களா, பெயின்ட் அடிப்பீங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. "பெயின்ட் நல்லதுதான். துரு பிடிக்காம காப்பாத்தும். ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு" என்று சொல்லி மாத்திரைச் சீட்டை மறுபடி நீட்டினார்.

வருடக்கணக்காக வகுப்பில் சொல்லியும் என் மண்டையில் ஏறாத பாடம் அன்று ஏறியது. தடுப்புப் பராமரிப்பு வேறு, பழுதுபார்ப்பு வேறு. அதன் பிறகு அந்த ஆய்வுகளை நிதானமாகத் திரும்பப் படித்தேன். முதல் தடவை நான் வேண்டுமென்றே தாண்டிப் போன வரிகள் கண்ணில் பட்டன. 2019ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 40 ஆரோக்கியமானவர்களில் ஒரு பிரிவினர் ஒரு மாதம் தினம் 200 கிராம் புளூபெர்ரிக்குச் சமமான பானம் குடித்தார்கள். மேல் அளவு பிரஷர் சுமார் 5 புள்ளி குறைந்தது. இன்னொன்று இங்கிலாந்தில், 50 முதல் 75 வயது வரை, பருமனும் சர்க்கரை, கொழுப்புக் கோளாறும் உள்ள 115 பேரிடம் ஆறு மாதம் நடந்தது. தினம் ஒரு கப், அதாவது 150 கிராம் அளவுக்குச் சாப்பிட்டவர்களுக்குத் தமனி விரியும் அளவு 1.45 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. அரைக் கப் சாப்பிட்டவர்களுக்கு அது இல்லை. ஒரு கப் சாப்பிட்டவர்களுக்கும் பிரஷர் குறையவில்லை! குழாயின் உட்படலம் தேறுகிறது, ஆனால் ஏறிப்போன பிரஷரை இறக்க அது மட்டும் போதாது. இந்த ஆய்வுகளுக்குப் புளூபெர்ரி விவசாயிகளின் அமைப்புகள் பண உதவி செய்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆய்வு பொய் என்று அர்த்தமில்லை. விளம்பரம் சொல்கிற அளவுக்கு நம்ப வேண்டாம் என்று அர்த்தம்.

நம் நாவல்பழத் தோலிலும் டெல்பினிடின், பெட்டுனிடின், மால்விடின் என்று புளூபெர்ரியில் உள்ள அதே ரகச் சாயங்கள் இருக்கின்றன. அதற்காக புளூபெர்ரியின் எண்ணை நாவல் மேல் ஒட்டிவிடக் கூடாது. ஒரு பம்பின் டெஸ்ட் சர்டிபிகேட்டை இன்னொரு பம்புக்குக் கொடுப்போமா? ஆனால் பருவத்தில் நாவல், பன்னீர் திராட்சையைத் தோலோடு சாப்பிடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. டப்பா காப்ஸ்யூலைவிடக் காசும் மிச்சம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி, உட்படலத்தை நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்க வைக்கும் மலிவான வழி நடை. வேகமாக ஓடும் இரத்தம் படலத்தை உரசும்போதே அது சுரக்கிறது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய் பிரியனான எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

இன்று நான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன், நடக்கிறேன், பருவத்தில் பழமும் சாப்பிடுகிறேன். பிரஷர் 126/82. என் பையனுக்கு ஐந்து வயது. அவன் இந்தக் கல்லூரியில் சேருவதைப் பார்க்க நான் இருக்க வேண்டும் அல்லவா?

மாணவர்களே, நீங்கள் 20 வயதில் இருக்கிறீர்கள். உங்கள் குழாய்க்கு இப்போது பராமரிப்பு போதும். சிகரெட் வேண்டாம், இரவு முழுக்கக் கண் விழிக்க வேண்டாம். என் செட் நண்பர்களே, நமக்கு 35 தாண்டிவிட்டது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிரஷர் இருந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாதிக் கைக்கு மேல் தெரிகிறது. அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். செயலாளரிடம் கேட்டு வெளி வராந்தாவில் பிரஷர் பார்க்கும் மிஷினோடு ஒரு நர்ஸை உட்கார வைத்திருக்கிறேன். சாப்பிடப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு கையை நீட்டுங்கள். அன்றைக்கு நாக்கை நீட்டச் சொன்னார் நம் சார். இன்றைக்குக் கையை நீட்டச் சொல்கிறேன் நான்.