மரணம் தேவன் தரும் தண்டனையா?

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில், ஆதரவாளர்கள் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி)





மருத்துவமனையில் ஊழியம் செய்கிற எங்களிடம் கேட்கப்படும் பல கேள்விகளுக்கு மருந்துச் சீட்டிலேயே பதில் எழுதிவிடலாம். ஒரு கேள்விக்கு மட்டும் அப்படி முடிவதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த தாய் அதைக் கேட்கிறாள். விபத்தில் மகனை இழந்த தகப்பன் கேட்கிறார். "நாங்கள் என்ன பாவம் செய்தோம்? ஆண்டவர் ஏன் எங்களைத் தண்டித்தார்?" சில வேளைகளில், துக்கம் விசாரிக்க வந்தவர்களே அந்த எண்ணத்தை அவர்கள் மனதில் விதைத்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே இதைக் குறித்து வேதம் என்ன சொல்லுகிறதென்று இன்று தியானிப்போம்.

பாவத்திற்கும் மரணத்திற்கும் தொடர்பே இல்லை என்று நாம் சொல்ல முடியாது. ஆதியாகமம் 2, 3 அதிகாரங்கள் அந்தத் தொடர்பைத் தெளிவாய்க் காட்டுகின்றன. ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் உலகத்தில் நுழைந்ததாகப் பவுல் ரோமர் 5:12-ல் போதிக்கிறார். பாவம் செய்திருந்தாலும் செய்யாதிருந்தாலும் ஆதாம் இயற்கையாகவே மரித்திருப்பான் என்ற போதனையை, கி.பி. 418-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய சபைச் சங்கம் மறுத்தது. மனுக்குலம் முழுவதும் மரணத்தின் கீழ் இருக்கிறது என்பது சபையின் பழைய போதனை.

ஆனால் மனுக்குலம் மரணத்தின் கீழ் இருக்கிறது என்பது ஒன்று. இந்தக் குழந்தை இந்தத் தாயின் பாவத்துக்காக மரித்தது என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதை வேதம் சொல்லுகிறது. இரண்டாவதைச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகளா என்ற கேள்வியை ஆண்டவர் தாமே எழுப்பி, இல்லை என்று தாமே பதில் சொன்னார். மனந்திரும்பும்படி அவர் அழைத்தது உயிரோடிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களை. யோவான் 9-ல் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். இருவருமல்ல என்றார் ஆண்டவர்.

"அப்படியானால் அனனியா, சப்பீராள்? தாவீதின் குழந்தை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேதத்தில் அப்படிப்பட்ட மரணங்கள் சில உண்டு. அவை நியாயத்தீர்ப்பு என்று தெரிவது தீர்க்கதரிசியின் வாயாலோ அப்போஸ்தலரின் வாயாலோதான். தாவீதினிடம் நாத்தான் அனுப்பப்பட்டான். நம் அண்டை வீட்டாரிடம் நம்மை அப்படி யாரும் அனுப்பவில்லை. யோபுவின் நண்பர்கள் தாங்களாகவே தீர்ப்புச் சொன்னார்கள். முடிவில் கர்த்தரின் கோபம் அவர்கள்மேல்தான் வந்தது.

கார்த்தேஜ் நகரின் சரித்திரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தச் சங்கம் கூடுவதற்கு ஏறக்குறைய 165 ஆண்டுகளுக்கு முன், அங்கே கொடிய கொள்ளைநோய் பரவியது. விசுவாசிகளும் மற்றவர்களைப் போலவே மடிந்ததைக் கண்டு சபையார் கலங்கினார்கள். அப்போதைய பேராயர் சிப்ரியன், பஞ்சம் வந்தால் எல்லாருக்கும் பஞ்சம்தான், கப்பல் உடைந்தால் அதிலுள்ள எல்லாருக்கும் சேதம்தான் என்ற கருத்தில் அவர்களைத் தேற்றினார். ஆனால் அவரே அவிசுவாசியான ஒருவருக்கு மறுப்பு எழுதியபோது, அக்காலத்துத் துன்பங்களைத் தேவகோபம் என்று எழுதினார். நமக்கு வந்தால் சோதனை, பிறருக்கு வந்தால் தண்டனை என்று பேசும் பழக்கம் எவ்வளவு பழமையானது பாருங்கள்! ஆயினும் அவர் செயல் அவருடைய அந்த எழுத்தைவிட மேலாயிருந்தது. நம்மவரை மட்டுமல்ல, மற்றவர்களையும் பராமரிக்கும்படி அவர் சபையை ஏவினார் என்று அவருடைய உதவிக்குருவான பொந்தியு எழுதி வைத்திருக்கிறார்.

இது எங்கள் ஊழியத்திற்கு மிகவும் நெருங்கிய விஷயம். நோயைச் சாபமென்று எண்ணுகிறவர்கள் அதை மறைக்கிறார்கள். மார்பிலுள்ள கட்டியை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, காலம் கடந்த பின் வருகிறார்கள். மரணம் வந்த பின்னோ, பிரிவின் துக்கத்தோடு குற்றவாளி என்ற பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு ஏற்படுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. அதைத் தண்டனை என்று சொல்லிவிட்டால், சிகிச்சை செய்கிறவன் தேவனுக்கு விரோதமாய் நிற்கிறவன் என்றாகிவிடும் அல்லவா?

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பெண் மருத்துவரைத் தேடி வந்து, கிடைக்காமல் திரும்பியதும், அந்த மூன்று இளம் தாய்மாரும் மரித்ததும் நீங்கள் அறிந்த சரித்திரமே. அந்த மரணங்களை ஐடா ஸ்கடர் அம்மையார் தமக்கு வந்த அழைப்பாக ஏற்றுக்கொண்டார். 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார்.

பவுல் 1 கொரிந்தியர் 15:26-ல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். ரோமர் 6:23-ல் அதைக் கூலிக்கு ஒப்பிடும்போதும், அந்தக் கூலியைக் கொடுக்கிற எஜமான் பாவமே. தேவன் கொடுப்பதோ வரமாகிய நித்திய ஜீவன். லாசருவின் கல்லறையண்டையில் ஆண்டவர் கண்ணீர் விட்டார். அவன் செய்த குற்றம் என்னவென்று அவர் மார்த்தாளிடமோ மரியாளிடமோ விசாரிக்கவில்லை. பாவமே அறியாத அவர்தாமே சிலுவையில் மரித்தார். அந்தச் சிலுவையின் அடியில் நின்றுகொண்டு, மரிக்கிறவனெல்லாம் தன் சொந்தக் குற்றத்துக்காக மரிக்கிறான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அருமையானவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது காரணம் தேடாதிருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு அழுங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். நாற்பது நாள் கழித்தும் ஒருமுறை போய்ப் பாருங்கள். "இது உன் பாவத்தினால் வந்ததல்ல" என்று அந்தத் தாயிடம் எங்கள் செவிலியர் சொல்லும் வார்த்தை, அவள் வீட்டிலும் சபையிலும் நிலைத்திருக்க வேண்டுமானால், அதை நீங்களும் சொல்ல வேண்டும்.

மரணத்தை ஜெயித்த கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.