இருபது ஆட்டங்களும் ஒரு புள்ளியும்



தாமிரபரணி கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னே அமைந்தது எங்கள் ஆத்தூர். ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால்கள். கிழக்கே போனால் புன்னைக்காயல், தெற்கே காயல்பட்டினம், வடக்கே தூத்துக்குடித் துறைமுகம். இந்தக் கரையில் பிறந்தவர்கள் இரண்டு வகைச் செல்வத்தை அறிவார்கள். ஒன்று முத்து, மற்றொன்று வெற்றிலை.

முத்து, சிப்பியைத் திறக்கும் அந்த ஒரு வேளையின் அதிர்ஷ்டம். கிட்டினால் கிட்டியது, இல்லையேல் வெறும் ஓடுதான். தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் அதைப் பற்றிய பேச்சு மட்டும் நிற்கவில்லை. வெற்றிலையோ அப்படிப்பட்டதன்று. அகத்தியை வளர்த்து நிழல் செய்து, கொடியை நட்டு, அது ஏற ஏறக் கட்டிவிட்டு, நாள் தவறாமல் நீர் காட்டி, கவுளி கவுளியாகச் சேர்க்க வேண்டிய செல்வம் அது. 2023ஆம் ஆண்டில் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தப் பெருமை ஒரு நாள் உழைப்பின் பயனன்று என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருந்தார்கள்.

கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச வந்தவன் கொடிக்காலைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. கால்பந்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

எங்கள் கரைக்குக் கால்பந்து புதிதன்று. காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் கோடை விடுமுறையில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்காக நடத்தி வந்துள்ள அகில இந்தியப் போட்டிகளைக் காண, சுற்றுவட்டாரத்துச் சிறுவர்கள் கூட்டமாகச் செல்வார்கள். அவர்களுள் ஒருவனாக நானும் சென்றிருக்கிறேன். பிற்காலத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டும் சென்றிருக்கிறேன். கோப்பைப் போட்டியின் சுவை தனி. தோற்றவர் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். வென்றவருக்கு நாளை மற்றோர் ஆட்டம். ஒரு மாலைப் பொழுதில் ஒரு கால் சறுக்கினாலும் போதும், எல்லாம் முடிந்தது. இது முத்துக்குளிப்பு.

லீக் ஆட்டமோ கொடிக்கால் வேலை. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் தன் ஊரில் ஒரு முறையும் அவர்கள் ஊரில் ஒரு முறையும் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, மாதங்கள் பல கழிந்த பின்னரே பட்டம் யாருக்கு என்று சொல்வார்கள். இவ்வகை ஆட்டத்தின் உண்மையான பொருளை எனக்குக் கற்பித்தது 2018-19ஆம் ஆண்டின் ஐ-லீக் பருவம். அந்தப் பருவத்தின் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இந்தியாவில் தேசிய லீக் 1996இல் தொடங்கியது. 2007இல் அது ஐ-லீக் என்று பெயர் மாறியது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்ற புதிய போட்டி பிறந்தது. பணம், விளம்பரம், திரைப்பட நட்சத்திரங்கள், பெருங்கூட்டம் எல்லாம் அதன் பக்கம் சேர்ந்தன. ஐ-லீக் மெல்ல மெல்ல இரண்டாம் பந்தியில் அமர்த்தப்பட்டது. அந்த இரண்டாம் பந்தியில் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருந்தது சென்னை சிட்டி என்னும் சங்கம். பெயரில் சென்னை இருந்ததே ஒழிய, அதன் ஆட்டங்கள் கோயம்புத்தூர் ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் நடந்தன. 2017-18இல் 10 அணிகளுள் அது எட்டாவதாக வந்தது. அந்த ஆண்டு அவ்வணியில் ஒளிவிட்டவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த அந்த இளைஞரைப் பருவம் முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் அணி அழைத்துக்கொண்டது. இருந்த ஒரு விளக்கும் போயிற்று என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் அவருடைய உடன்பிறந்தார் மைக்கேல் ரெஜின் சென்னை சிட்டியிலேயே ஆடினார்.

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயின் நாட்டின் கீழ்ப்படி லீகுகளில் ஆடிப் பழகிய நால்வர் வந்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. உலகறிந்த பெயர்கள் அல்ல. ஆனால் பந்தைத் தரையோடு வைத்து, ஒருவருக்கொருவர் தந்து வாங்கி ஆடத் தெரிந்தவர்கள். அவர்களோடு நம் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

2018 அக்டோபர் 26ஆம் நாள் கோவையில் தொடக்க ஆட்டம். எதிரணி இந்தியன் ஆரோஸ். தேசியச் சம்மேளனம் வளர்த்து வந்த சிறுவயது அணி. மான்சி மூன்று கோல் அடித்தார், ஆட்டம் 4-1. சிறுவர்களை வென்றதில் என்ன பெருமை என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் லீகின் நீதி அதுதான். அக்டோபர் மாதத்தில் சிறுவர்களிடம் பெறும் 3 புள்ளிக்கும், மார்ச் மாதத்தில் சாம்பியனிடம் பெறும் 3 புள்ளிக்கும் ஏட்டில் வேறுபாடு கிடையாது.

அந்தப் பருவத்தில் 11 அணிகள். அணிக்கு 20 ஆட்டங்கள். ஸ்ரீநகர், ஷில்லாங், இம்பால், ஐஸ்வால் என மலைநாட்டு ஊர்கள் ஒரு புறம். கொல்கத்தா, கோவா, கோழிக்கோடு மறுபுறம். முதன்முறையாக ஏறி வந்த ரியல் காஷ்மீர் மூன்றாம் இடம் பிடித்து எல்லோரையும் வியக்க வைத்தது. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால், 2003-04க்குப் பிறகு கைக்கு எட்டாத தேசியப் பட்டத்தை இந்த முறை எட்டியே தீருவது என்று ஆடியது. அத்தகைய அணியைச் சென்னை சிட்டி கொல்கத்தாவிலும் வென்றது, கோவையிலும் வென்றது.

மார்ச் தொடக்கத்தில் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸை வென்றிருந்தால் பட்டம் அங்கேயே உறுதியாகியிருக்கும். அங்கே தோற்றுவிட்டார்கள். எனவே எல்லாம் கடைசி நாளுக்கு வந்து நின்றது. சென்னை சிட்டி 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 39.

2019 மார்ச் 9. கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே நின்றது முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும். நான் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னே அமர்ந்தேன். என் பேரன் கோழிக்கோட்டுச் செய்தியைக் கைப்பேசியில் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது! இடைவேளை வரை அந்தக் கோல் மாறவில்லை. “தாத்தா, தோத்துப் போவாங்களோ?” என்றான் பேரன். “இருபதில் பாதி ஆட்டம்தானே பாக்கி இருக்கிறது, பார்ப்போம்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இரண்டாம் பாதியில் பெனால்டி ஒன்றை மான்சி கோலாக்கினார். அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை மொத்தம் 21. பிறகு கௌரவ் போரா என்னும் அஸ்ஸாம் இளைஞர், கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொள்ளாமல் தற்காப்பில் நிற்பவர், முன்னேறி வந்து ஒரு கோல் அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்றும் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் முதலில் பின்தங்கிப் பிறகு 2-1 என்று வென்றுவிட்டது. சென்னை சிட்டி 43. ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீக் பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

ஆசிரியத் தொழிலில் முடி நரைத்தவனுக்கு மதிப்பெண் ஏட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி. வெற்றிகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் பார்த்தது அந்த 4 சமநிலைகளை. வெல்ல முடியாத நாளில் தோற்காமல் நின்று பெற்ற ஒவ்வொரு புள்ளி அவை. அவற்றுள் இரண்டே இரண்டு தோல்வியாக முடிந்திருந்தால் கணக்கு 41 ஆகியிருக்கும். கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். யாரும் கைதட்டாத மாலையில் சேர்த்த ஒரு கவுளி வெற்றிலைதான் ஆண்டுக் கணக்கை நேர் செய்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு வணக்கம் சொல்லியிருப்பேன். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பட்டம் வென்ற அதே 2019ஆம் ஆண்டில், சூப்பர் லீகே நாட்டின் முதல் லீக் என்று முடிவாயிற்று. 2022-23 பருவத்திலிருந்து ஐ-லீகில் முதலாவதாக வரும் அணி மேலே ஏறலாம் என்ற முறையும் வந்தது. ஆனால் அந்த ஏணி சாத்தப்படும் முன்பே சென்னை சிட்டி இல்லாமற்போயிற்று. மான்சி 2020இல் ஜப்பானுக்குச் சென்றார். அவ்வாண்டு ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் அணிக்கு இடம் கிடைத்தும், கொரோனா நோயால் போட்டியே நின்றது. 2020-21க்குப் பிறகு அந்த அணியை ஐ-லீகில் காணவில்லை. பட்டம் வாங்கி இரண்டே ஆண்டு!

கொடிக்காலில் ஒரு முறை நல்ல பறிப்பு கண்டுவிட்டால் தோட்டம் நிலைத்துவிட்டது என்று பொருளன்று. அகத்தி விழுந்தால் கொடி எதைப் பற்றும்? கால்பந்துக்கு அகத்தி எது? மைதானம், பயிற்சி, பார்க்க வரும் கூட்டம், தொடர்ந்து செலவு செய்யும் மனம். எல்லாவற்றுக்கும் முன்னே பள்ளிக்கூடம். இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. என் குறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, பொதுத்தேர்வு நெருங்குகிறதென்று பத்தாம் வகுப்பின் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கடற்கரை ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன் என் அறை வாசலில் நின்று, “இனிமே பந்து கிடையாதா சார்?” என்று கேட்டான். “பரீட்சை முடியட்டும், பார்ப்போம்” என்றேன். பரீட்சை வந்தது, அவன் வரவில்லை. அந்தப் பந்து ஒன்றுக்காகத்தான் அவன் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தான் என்பது எனக்குப் பிறகே விளங்கிற்று. ஆள் அனுப்பினேன், அதற்குள் அவன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டான். இப்போது கடைத்தெருவில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்கிறான். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகையால் ஒரே ஒரு வேண்டுகோள். எட்டுப் பள்ளிகளைக் கூட்டிக் கோப்பைப் போட்டி நடத்தினால் மொத்தம் 7 ஆட்டங்கள். நான்கு பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்புவார்கள். அதே எட்டுப் பள்ளிகள் லீக் முறையில் ஆடினால் 28 ஆட்டங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழு மாலைகள். தோற்றவனுக்கும் அடுத்த வாரம் ஓர் ஆட்டம் உண்டு; அதற்காக அவன் பள்ளிக்கு வருவான். இதற்கு வேண்டியது பெரும் பணமன்று. ஒரு பந்தும், ஒரு மைதானமும், அலமாரியைப் பூட்டாத ஒரு தலைமையாசிரியருமே.