ஆசான் தருவது கால் பங்கு



நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பாடம் கேட்டலுக்கு ஒரு கணக்கு வகுத்தார். ஆசான் உரைப்பதைக் கருத்தூன்றிக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் சேரும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். இலக்கண மாணாக்கர்க்குச் சொன்ன இக்கணக்கு கணினிமொழி பயில்வோர்க்கும் பொருந்தும்.

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வந்து சேரும் சாலையோரத்து ஆலைகளில், நிரலால் இயங்கும் இயந்திரக் கைகள் வேலை செய்கின்றன. அங்கே ஷிப்டு முடிந்து திரும்பும் இளைஞர் ஒருவர் நிரல் எழுதக் கற்க விரும்பினால் புத்தகம் கிடைக்கும். அது முதற்கால். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் கணினி ஆங்கிலத்தில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். அப்பொழுது யாரிடம் கேட்பது? தமிழ்வழியில் படித்தவர் பலர் அவ்விடத்தில் தம்மையே நொந்துகொண்டு கைவிடுகின்றனர். அவர்களிடம் குறைவது அறிவன்று. கேட்பதற்கு ஓர் ஆளும், கேட்கத் தம் மொழியுமே.

இக்குறையை உணர்ந்தோர் இருக்கின்றனர். முத்து அண்ணாமலை 2007-இல் உருவாக்கத் தொடங்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் ஆணைச் சொற்கள் தமிழிலேயே அமைந்துள்ளன. அச்சிட்டுக் காட்ட ‘பதிப்பி’ என்பது ஆணை. நிபந்தனை முன்னே நிற்க, ‘ஆனால்’ என்னும் சொல் பின்னே வரும். தமிழ்த் தொடரின் இயல்பும் அதுவே. எனினும் எழில் பள்ளி மாணவர்க்கான முதற்படி. பைத்தான் போன்ற மொழிகளுக்குச் செல்வோர்க்குத் தமிழ் விளக்கம் தேவை. 2012-இல் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழ் அதை வழங்கியது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவை, தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லும் திண்ணைகளாயின.

கேட்பவருக்கும் கடமை உண்டு. வெண்பா எழுதிய இளங்கவிஞர், “பாட்டு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் புலவரால் உதவ முடியாது. எந்தச் சீரில் தளை தட்டுகிறது என்று காட்டினால், காய்முன் நிரை வந்திருப்பதை நொடியில் சுட்டிவிடுவார். நிரலும் அப்படியே. செய்ய நினைத்தது என்ன, எழுதியது என்ன, கணினி சொன்னது என்ன என்று மூன்றையும் உள்ளபடி முன்வைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதிப் பார்க்கும்போதே பல பிழைகள் தாமே புலப்பட்டுவிடும்.

பத்து ஆண்டுகள் கவிதையைத் திருத்திக் கொடுத்த இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் அவ்விளைஞர்க்கும் ஒரு பாயை விரிக்கட்டும். நிரல் அறிந்த உறுப்பினர் விடை சொல்லட்டும். கவிஞர்கள் அவ்விடைக்கு நல்ல தமிழ்ச் சொல் தரட்டும். சொல்பவர்க்கும் நட்டமில்லை, பவணந்தியார் கணக்கில் அரைப் பங்கு அவருக்கே உரியது.