பதில் சொல்கிற சர்வர் எது?

ரயிலில் தட்கல் முன்பதிவு ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. அந்த நொடியில் நாடெங்கும் இருந்து ஒரே இணைய முகவரியைத் தட்டுகிறார்கள். ஒரு கணினியால் தாங்குமா? அதனால்தான் பெரிய தளங்களுக்குப் பின்னால் பல சர்வர்கள் இருக்கின்றன. வருகிறவர்களைப் பிரித்து அனுப்ப முன்னால் லோட் பேலன்சர் நிற்கிறது.

பிரிப்பதில் பல முறைகள் உண்டு. முறைவைத்து ஒவ்வொரு சர்வருக்கும் ஒன்றாகக் கொடுப்பது ரவுண்ட் ராபின். கையில் வேலை குறைவாக உள்ள சர்வரிடம் தள்ளுவது லீஸ்ட் கனெக்‌ஷன். மற்ற முறைகளை விட்டுவிடுகிறேன், லோட் பேலன்சர் செய்கிற இன்னொரு வேலைதான் எனக்குப் பிடித்தது: ஹெல்த் செக். அதாவது, சர்வருக்கு உயிர் இருக்கிறதா என்று நாடி பார்ப்பது.

பிரான்ஸைச் சேர்ந்த வில்லி டாரோ எழுதிய ஹெச்ஏபிராக்ஸி என்ற இலவச மென்பொருளில் இந்தச் சோதனையைப் போட்டுவிட்டால், 2 நொடிக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிப் பார்க்கும். தொடர்ந்து 3 முறை பதில் இல்லையென்றால் ஒதுக்கிவிடும். பிறகு 2 முறை சரியாக வந்தால் சேர்த்துக்கொள்ளும். ஆனால் நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், இணைப்பு கிடைக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வினையே அங்கேதான்.

ஒரு தேர்வு முடிவுத் தளத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சர்வருக்கு டேட்டாபேஸ் தொடர்பு அறுந்துவிட்டது. இணைப்பை மட்டும் ஒழுங்காக ஏற்றுக்கொள்கிறது. மற்ற சர்வர்கள் மதிப்பெண்ணைத் தேடி எடுக்க, இது கண்ணிமைக்கும் நேரத்தில் ‘பிழை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. வங்கியில் ஒரு கவுண்டர்காரர் வருகிறவர்களையெல்லாம் “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பினால் அவர் முன்னால் வரிசையே இருக்காது அல்லவா? லோட் பேலன்சரும் ‘அடடா, இது சும்மா இருக்கிறதே’ என்று மேலும் மேலும் பிள்ளைகளை அங்கேயே தள்ளியது! சர்வர்களில் ஒன்றுதான் கெட்டது. பிழையோ பெரும்பாலானவர்களுக்கு வந்தது.

டேட்டாபேஸைத் தொட்டு வரும் ஒரு பக்கத்தைக் கேட்கும்படி சோதனையை மாற்றியதும் அடங்கியது. அதிலும் ஒரு சங்கடம் உண்டு: டேட்டாபேஸே படுத்தால் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் ஒதுக்கப்பட்டுவிடும்.

ரிஃப்ரெஷ் பொத்தானை விடாமல் அழுத்துகிற நேயர்களே, ஒவ்வொரு அழுத்தலும் லோட் பேலன்சர் முன்னால் புதுக் கூட்டம்தான்.

லோட் பேலன்சரே விழுந்தால்? இரண்டாக வைப்போம், ஒன்று படுத்தால் அதன் முகவரியை மற்றது எடுத்துக்கொள்ளும். நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண் பக்கம் முதல் தட்டிலேயே திறக்கட்டும்.